பழைய கேமிங் கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு முதல் பத்து ஆண்டுகள் வரை உழைத்துவிட்ட மேசைக் கணினியில் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிப் புதிய கேம்களை விளையாட நினைப்பவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எனக்குத் தெரிந்த வரையில் விடை எழுதியிருக்கிறேன். சிறந்த கார்டுகளின் தரவரிசை எதுவும் இதில் இல்லை. பழைய கணினிக்குக் கார்டு தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது ஏற்கெனவே உள்ள பிராசஸர், மதர்போர்டு, பவர் சப்ளை, மானிட்டர் ஆகியவற்றைத்தான். கார்டின் பெயர் அதன் பிறகே வருகிறது. மடிக்கணினிகளுக்கு இங்கே சொல்பவை பொருந்தாது.

1. கார்டை மாற்றினால் கேம் வேகமாக ஓடும் என்பது உறுதிதானா?

உறுதியில்லை. திரையில் தோன்றும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும், இரண்டு வேலைகள் நடக்கின்றன. எந்தக் கதாபாத்திரம் எங்கே நிற்கிறது, எந்தப் பொருள் எதன் மீது மோதுகிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்பதைப் பிராசஸர் கணக்கிட்டுக் கொடுக்கிறது. அதை வரைந்து முடிப்பது கிராபிக்ஸ் கார்டு. இரண்டில் எது தாமதமாக முடிக்கிறதோ அதுவே எஃப்.பி.எஸ். எண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம்கள் என்பதை, தீர்மானிக்கிறது. தாமதம் கார்டில் இருந்தால் புதிய கார்டு பெரிய மாற்றத்தைத் தரும். பிராசஸரில் இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த கார்டை வாங்கினாலும் எஃப்.பி.எஸ். நகராது, ரெசொல்யூஷனையும் செட்டிங்ஸையும் உயர்த்திக்கொள்ள முடியும், அவ்வளவுதான்.

2. என் கணினியில் தடையாக இருப்பது கார்டா பிராசஸரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளையும் அதனுடன் வரும் ரிவாட்யூனரையும் நிறுவினால், கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டின் பயன்பாடு, வெப்பநிலை, வி-ராம் (கார்டின் சொந்த நினைவகம்) அளவு, பிராசஸரின் ஒவ்வொரு கோரின் (தனித்துக் கணக்கிடும் பகுதியின்) பயன்பாடு, எஃப்.பி.எஸ். எல்லாம் திரையின் மூலையில் தெரியும். எஃப்.பி.எஸ்.ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்க்கையும் ஃப்ரேம் வரம்பையும் அணைத்துவிட்டு, கேமில் ஆள் நடமாட்டம் மிகுந்த ஒரு தெருவிலோ பெரிய சண்டை நடக்கும் இடத்திலோ சில நிமிடங்கள் விளையாடிப் பாருங்கள். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் தடை. அது 60, 70 என்று இறங்கி, அதே நேரத்தில் எஃப்.பி.எஸ்.ஸும் விழுந்தால், பிராசஸர் வேலை கொடுக்கும் வரை கார்டு சும்மா காத்திருக்கிறது என்று பொருள்.

பிராசஸரின் மொத்தப் பயன்பாட்டு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். ஆறு கோர் பிராசஸரில் மொத்தம் 40 சதவீதம் என்று காட்டும்போதே, கேமின் முக்கிய வேலையைச் சுமக்கும் ஒரு கோர் முழுதாக நிரம்பியிருக்கலாம். ஐயம் தீரவில்லை என்றால் ரெசொல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். கார்டின் வேலை பாதிக்கும் கீழே குறைந்தும் எஃப்.பி.எஸ். ஏறவில்லை என்றால் தடை பிராசஸரில்தான் இருக்கிறது. நீங்கள் அதிகம் விளையாடும் இரண்டு மூன்று கேம்களிலாவது இதைச் செய்யுங்கள். ஒரு கேமில் கார்டும் இன்னொன்றில் பிராசஸரும் தடையாக இருப்பது சாதாரணமாக நடப்பதே.

3. பணம் செலவழிக்கும் முன் செய்து பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. பழைய கார்டின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் தூசி அடைத்து, சிப்பின் சூட்டை அதற்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருந்தால், சூடு தாங்காமல் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேமைத் தொடங்கிய முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, பிறகு கார்டின் மெகாஹெர்ட்ஸ் எண் படிப்படியாக இறங்கினால் இதுவே காரணமாக இருக்கும். தூசியைத் துடைத்துப் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசினாலே இழந்த வேகம் திரும்பிவிடும்.

அடுத்து ரேமைப் பாருங்கள். ஒரே ஒரு ரேம் குச்சி மட்டும் பொருத்தப்பட்ட கணினிகள் ஏராளம். இரண்டு குச்சிகளாக, டூயல் சேனலில் ஓடும்போது பிராசஸருக்குக் கிடைக்கும் நினைவகப் பாதை இரட்டிப்பாகிறது. பிராசஸர் தடையாக உள்ள கேம்களில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். 8 ஜிபி ரேமுடன் இன்றைய கேம்களை ஓட்டுபவர்கள், கார்டைப் பற்றி யோசிக்கும் முன் 16 ஜிபிக்குப் போய்விட வேண்டும் என்பேன்.

4. நாலு கோர் பிராசஸர்தான் இருக்கிறது. எந்தக் கார்டு வரை போகலாம்?

நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைத் தொடர்கள்) மட்டுமே கொண்ட ஐ5-4460, ஐ5-6500 போன்றவற்றுக்கு ரேடியான் ஆர்எக்ஸ் 6600 அளவிலான கார்டே பெரும்பாலும் மேல் எல்லை. அதற்கு மேல் வாங்கினால் சராசரி எஃப்.பி.எஸ். கொஞ்சம் ஏறலாம், ஆனால் நொடிக்கு நொடி வரும் திக்கல் போகாது. அதே நான்கு கோரில் எட்டு த்ரெட் உள்ள ஐ7-4770, ஐ7-6700 போன்றவை இன்னும் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் கொண்ட ரைசன் 5 1600, 2600 ஆகியவற்றுக்கு ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4060 அளவு வரை தயங்காமல் போகலாம்.

ரைசன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. ஏஎம்4 சாக்கெட் கொண்ட பி350, எக்ஸ்370 மதர்போர்டுகளுக்கும் ரைசன் 5000 வரிசையின் ஆதரவை ஏஎம்டி 2022-இல் வழங்கியது. உங்கள் மதர்போர்டு நிறுவனம் அதற்கான பயாஸை (கணினியைத் தொடக்கி வைக்கும் மதர்போர்டு மென்பொருளை) வெளியிட்டிருந்தால், ரைசன் 5 5600 போன்ற ஒன்றை அதே போர்டில் பொருத்திவிடலாம். கார்டை மாற்றுவதைவிட இதுவே சில கணினிகளுக்குப் பெரிய மாற்றத்தைத் தரும். மாறாக, இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கோர் பிராசஸர்களில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பே கிடையாது. அதைக் கட்டாயமாகக் கேட்கும் கேம்கள் எந்தக் கார்டைப் போட்டாலும் அவற்றில் திறக்காது. அந்தப் பிராசஸர்களுக்காகப் புதிய கார்டு வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

5. இணையத்தில் ஒரு பாட்டில்நெக் கால்குலேட்டர் 32 சதவீதம் என்று காட்டுகிறது. நம்பலாமா?

வேண்டாம். பாட்டில்நெக், அதாவது தடை, என்பது கேமுக்குக் கேம், ரெசொல்யூஷனுக்கு ரெசொல்யூஷன் மாறுவது. இரண்டு பெயர்களை மட்டும் வாங்கிக்கொண்டு ஒற்றைச் சதவீதம் சொல்லும் கருவிக்கு அதில் எதுவும் தெரியாது. இரண்டாம் கேள்வியில் சொன்ன சோதனை பத்து நிமிட வேலை. அது உங்கள் கணினியைப் பற்றியே சொல்லும்.

6. என் மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ். அதற்கு எவ்வளவு பெரிய கார்டு தேவை?

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாது. ஆகவே அதிக செட்டிங்ஸில் 60-க்குக் கீழே விழாத கார்டு போதும்; அதற்கு மேல் கொடுக்கும் பணம் மானிட்டரையும் மாற்றினால்தான் கண்ணில் தெரியும். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060 ஆகிய மூன்றும் இந்த நிலைக்கு ஏற்றவை. 1440பி மானிட்டருக்குப் போகும் எண்ணம் இருந்தால் முடிவு மாறும்; ரெசொல்யூஷன் ஏறும்போது சுமை கார்டின் பக்கம் சாய்வதால், பழைய பிராசஸருடனும் சற்றுப் பெரிய கார்டு பயன்படும்.

இணைப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைய கார்டுகளில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் ஆகிய இரண்டு மட்டுமே இருக்கின்றன. டிவிஐ மானிட்டருக்குச் சாதாரண எச்டிஎம்ஐ மாற்றுக் கேபிள் போதும். விஜிஏ மட்டுமே உள்ள மானிட்டருக்குச் சமிக்ஞையையே மாற்றித் தரும் தனி அடாப்டர் வேண்டும்.

7. மதர்போர்டில் பிசிஐஇ 3.0தான் இருக்கிறது. 4.0, 5.0 என்று போட்டிருக்கும் கார்டு வேலை செய்யுமா?

வேலை செய்யும். பிசிஐஇ என்பது கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் வழி; 3.0, 4.0, 5.0 என்பவை அதன் தலைமுறைகள். எந்தத் தலைமுறைக் கார்டும் எந்தத் தலைமுறை ஸ்லாட்டிலும் பொருந்தும். இரண்டில் குறைந்த வேகத்தில் பேசிக்கொள்ளும். கவனிக்க வேண்டியது தலைமுறை எண்ணைவிட லேன்களின், அதாவது தரவு செல்லும் தடங்களின், எண்ணிக்கைதான். கார்டு நீளமாக, பதினாறு லேன் ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும், உள்ளே எட்டு அல்லது நான்கு லேன்கள் மட்டுமே இணைக்கப்பட்டிருக்கலாம். பிசிஐஇ 3.0-இல் பதினாறு லேன் நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி கடத்தும். எட்டு லேன் 8 ஜிபி. நான்கு லேன் 4 ஜிபி. 4.0-இல் இவை இரட்டிப்பாகும். எட்டு லேன் கார்டைத் தயாரித்தவர் 4.0-இன் வேகத்தை மனத்தில் வைத்துத்தான் லேன்களைக் குறைத்திருக்கிறார். பழைய போர்டில் அதைப் பொருத்தும் நமக்குக் கிடைப்பது அதில் பாதி.

இதன் விளைவு எல்லாக் கார்டுகளிலும் ஒரே மாதிரி இல்லை. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் நான்கு லேன்களும் 4 ஜிபி வி-ராமும் மட்டுமே உள்ளன. பழைய கணினிக்காரர்கள் வாங்கும் விலைப்பிரிவில் வந்த கார்டு, பழைய கணினியில்தான் மிக மோசமாகத் தடுமாறுகிறது என்பது வருத்தத்துக்குரியது. 3.0 போர்டு வைத்திருப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060 ஆகியவை எட்டு லேன் கார்டுகள். வி-ராம் நிரம்பாத வரை 3.0-இல் இவை இழப்பது சிறிதளவே.

பதினாறு லேன் முழுவதையும் பயன்படுத்தும் நடுத்தரக் கார்டுகளும் உள்ளன. 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060, 2025-இல் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகியவை அப்படிப்பட்டவை. பழைய போர்டுக்கு எது ஏற்றது என்று கேட்டால், மற்றவை சமமாக இருக்கும்போது நான் இவற்றின் பக்கமே நிற்பேன். பிசிஐஇ 2.0 மட்டுமே உள்ள போர்டுகளில் மேற்சொன்ன எண்களெல்லாம் மேலும் பாதியாகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

8. 8 ஜிபி வி-ராம் போதுமா, 12 அல்லது 16 வேண்டுமா?

கேம் வரைய வேண்டிய டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) எல்லாம் வி-ராமில் இருக்க வேண்டும். இடம் போதாமல் போனால் மிச்சத்தைக் கணினியின் ரேமில் வைத்து, தேவைப்படும் ஒவ்வொரு முறையும் பிசிஐஇ வழியாக இழுத்து வர நேரிடும். ஆர்டிஎக்ஸ் 4060 தன் சொந்த வி-ராமிலிருந்து நொடிக்கு 272 ஜிபி படிக்கும். அதே கார்டு 3.0 ஸ்லாட் வழியாக வெளியிலிருந்து பெறுவது 8 ஜிபி. கேமராவைச் சட்டென்று திருப்பும்போது படம் அரை நொடி உறைந்து நிற்பதும், பக்கத்துச் சுவரின் செங்கற்கள் மங்கிய களிமண் போலத் தெரிந்து சில நொடிகள் கழித்தே தெளிவாவதும் இந்தப் பற்றாக்குறையின் அடையாளங்கள்.

1080பி-யில், டெக்ஸ்சர் செட்டிங்கை ஒரு படி இறக்கத் தயாராக இருப்பவருக்கு 8 ஜிபி இன்னும் போதும். டெக்ஸ்சரைக் குறைக்க விரும்பாதவர்களும், கார்டை ஐந்தாண்டுகளாவது வைத்திருக்க நினைப்பவர்களும் 12 அல்லது 16 ஜிபி பார்க்க வேண்டும். ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வடிவங்களில் வரும் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகியவற்றில், பழைய போர்டு வைத்திருப்பவர் 16 ஜிபியையே எடுக்க வேண்டும். குறைந்த வி-ராம், குறைந்த லேன், பழைய ஸ்லாட் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில்தான் இழப்பு மிக அதிகம்.

9. பவர் சப்ளை 450 வாட். கார்டின் பெட்டியில் 550 வாட் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பெட்டியில் உள்ள எண், தரம் குறைந்த பவர் சப்ளையையும் அதிகம் இழுக்கும் பிராசஸரையும் கணக்கில் வைத்து எழுதப்படும் பாதுகாப்பு எண். உங்கள் கணக்கை நீங்களே போடலாம். பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற பத்தியின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் கார்டுக்கும் பிராசஸருக்கும் உண்மையில் கிடைக்கக்கூடிய வாட் தெரியும். 36 ஆம்பியர் என்றால் 432 வாட், நல்லது. "450 வாட்" என்று பெரிதாக எழுதிவிட்டு 25 ஆம்பியர் மட்டும் கொடுத்திருந்தால் அது 300 வாட்தான். இரண்டு 12 வோல்ட் பத்திகள் இருந்தால் அவற்றைக் கூட்டாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும் மொத்த வாட் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்டுகளின் தேவை இப்படி இருக்கிறது: ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், ஆர்எக்ஸ் 6600 132, ஆர்டிஎக்ஸ் 5060 145, ஆர்டிஎக்ஸ் 3060 170, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180, ஆர்க் பி580 190. இதனுடன் 65 அல்லது 95 வாட் பிராசஸரையும், மற்றவற்றுக்கு ஐம்பது வாட்டையும் கூட்டுங்கள். மொத்தம் 12 வோல்ட் திறனில் முக்கால் பங்குக்குள் நின்றால் போதும். கார்டுகள் ஒரு கணத்துக்குச் சராசரியைவிட மிக அதிகமாக இழுப்பதால்தான் அந்தக் கால் பங்கு இடைவெளி தேவைப்படுகிறது. கேமின் நடுவே கணினி எந்த எச்சரிக்கையும் இன்றி அணைந்து மீண்டும் தொடங்கினால், பெரும்பாலும் இந்த இடைவெளி இல்லாததே காரணம்.

80 பிளஸ் என்ற முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே உள்ள பாகங்கள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று சொல்வதில்லை. பெயர் தெரியாத நிறுவனத்தின் பவர் சப்ளையோ, நல்லதேயானாலும் பத்து ஆண்டு கடந்த ஒன்றோ இருந்தால், கார்டுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை எடுத்து அதை மாற்றிவிடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. அது கெட்டுப்போகும்போது தனியாகக் கெடாமல் மற்றவற்றையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம்.

10. கார்டுக்கு 8 பின் இணைப்பு வேண்டும்; என் பவர் சப்ளையில் 6 பின்தான் இருக்கிறது. மாற்றுக் கேபிள் போட்டால் போதுமா?

ஸ்லாட் வழியாக 75 வாட், 6 பின் வழியாக 75 வாட், 8 பின் வழியாக 150 வாட் என்பது தரநிலை. ஒரு பவர் சப்ளையில் 8 பின் இல்லை என்றால், அந்த அளவு சுமைக்கு அது வடிவமைக்கப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக, ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா இணைப்பிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் கேபிளைத் தொடவே தொடாதீர்கள். ஒரு சாட்டா மின் இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். அதில் 150 வாட்டை இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் பவர் சப்ளைகளில், ஒரு மாடலின் கேபிள் இன்னொன்றில் கச்சிதமாகப் பொருந்திவிடும். ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கும். பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றியவர்கள் ஹார்ட் டிஸ்க்கையும் கார்டையும் எரித்திருக்கிறார்கள். எல்லாக் கேபிள்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

11. அலுவலகத்துக்காகத் தயாரித்த பிராண்ட் கணினி. கூடுதல் மின் இணைப்பே இல்லை. ஏதாவது வழி உண்டா?

ஸ்லாட்டின் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுகள் உங்களுக்கானவை. அவற்றில் என் முதல் தேர்வு 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வடிவம், 70 வாட்தான். ஜிடிஎக்ஸ் 1650 பழையது என்றாலும் இலகுவான கேம்களுக்குப் போதும். அதன் சில மாடல்களில் 6 பின் இருப்பதால் படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட், ஆனால் நான்கு லேன் கார்டு. ஏழாம் கேள்வியில் சொன்ன குறை அதற்கும் பொருந்தும். வீடியோ பதிவு செய்ய உதவும் என்கோடரும் அதில் இல்லை. ஒல்லியான கேபினெட் என்றால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் வடிவத்தைத் தேட வேண்டும்.

12. கேபினெட்டில் இடம் இருக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பின்புறத் தகட்டிலிருந்து முன்னே உள்ள ஃபேன் அல்லது ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை மில்லிமீட்டரில் அளந்து, கார்டின் நீளத்துடன் ஒப்பிடுங்கள். கார்டின் தடிமனையும் பாருங்கள். இரண்டரை ஸ்லாட் தடிமன் உள்ள கார்டு, மதர்போர்டின் கீழ்விளிம்பில் உள்ள சாட்டா இணைப்புகளை மறைத்துவிடலாம். மின் கேபிள் மேலே வளைந்து செல்ல மூன்று சென்டிமீட்டராவது விடுங்கள்.

13. புதிய கார்டைப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. கார்டு பழுதா?

முதலில் மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா, கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; அது கார்டில்தான் இருக்க வேண்டும். பிறகு மின் இணைப்பு "கிளிக்" என்று முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால், காரணம் பெரும்பாலும் பயாஸ்தான். பழைய போர்டுகள் லெகசி என்ற பழைய தொடக்க முறையில், அதாவது பயாஸில் சிஎஸ்எம் என்ற தேர்வு இயக்கப்பட்ட நிலையில் தொடங்கும். புதிய கார்டுகள் பலவும் யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையை எதிர்பார்க்கின்றன. பழைய கார்டைத் திரும்பப் பொருத்தி, பயாஸைக் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவந்து, சிஎஸ்எம்மை அணைத்துவிட்டுப் புதிய கார்டைப் போட்டால் பல கணினிகள் உயிர்பெறுகின்றன. இதனால்தான் புதிய கார்டு ஓடும் வரை பழையதை விற்றுவிடாதீர்கள் என்று சொல்கிறேன்.

சிஎஸ்எம்மை அணைக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். விண்டோஸ் நிறுவப்பட்ட டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிவு முறையில் இருந்தால், அணைத்ததும் விண்டோஸ் தொடங்காது. முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு, விண்டோஸ் 10-உடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் அதே டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்றிய பிறகே அணைக்க வேண்டும்.

14. என்விடியா, ஏஎம்டி, இன்டெல்: எந்த நிறுவனம்?

ஒரே விலையில் ஏஎம்டி பெரும்பாலும் அதிக வி-ராமையும் சற்று அதிக நேரடி வேகத்தையும் தருகிறது. குறைந்த ரெசொல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் தொழில்நுட்பத்தில் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் பல ஆண்டுகளாக முன்னணியில் இருக்கிறது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4, ஆர்எக்ஸ் 9000 வரிசையில் அந்த இடைவெளியை வெகுவாகக் குறைத்திருக்கிறது.

இன்டெல்லின் ஆர்க் கார்டுகளைப் பற்றி மட்டும் உறுதியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. கார்டின் வி-ராம் முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுக உதவும் ரீசைசபிள் பார் என்ற வசதி மற்ற இரு நிறுவனங்களின் கார்டுகளில் இல்லாவிட்டாலும் இழப்பு சிறியது. ஆர்க்கில் அது இல்லை என்றால் வேகம் பெருமளவு சரிந்துவிடும். இன்டெல்லே அதைத் தேவை என்கிறது. கோர் பிராசஸர்களில் பத்தாம் தலைமுறைக்கு முந்தைய போர்டுகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. தவிர, 12 ஜிபி வி-ராமுடன் 2024 டிசம்பரில் வந்த ஆர்க் பி580, ரீசைசபிள் பார் இருந்தாலும்கூட, வேகம் குறைந்த பிராசஸர்களுடன் சேரும்போது எதிர்பார்த்ததைவிடப் பின்தங்குகிறது. புதிய கணினிக்கு அது நல்ல கார்டு. பழைய கணினிக்குப் பொருந்தாது.

15. ஃப்ரேம் ஜெனரேஷன் உள்ள கார்டு வாங்கினால் பழைய பிராசஸரின் குறை மறைந்துவிடாதா?

ஒரு பகுதி மறையும். பிராசஸர் கொடுக்கும் இரண்டு ஃப்ரேம்களுக்கு இடையே கார்டே ஒன்றை உருவாக்கிச் செருகுவதால், அசைவு மென்மையாகத் தெரியும். ஆனால் உங்கள் மவுஸ் அசைவுக்குக் கேம் பதிலளிக்கும் வேகம் அசல் ஃப்ரேம்களைப் பொறுத்தது. அது கூடுவதில்லை, சற்றுக் குறையவும் செய்கிறது. அசல் எஃப்.பி.எஸ். ஐம்பது, அறுபது இருக்கும்போது இது நல்ல துணை. அசலே 30 என்றால், 60 என்று எண் காட்டினாலும் கை உணர்வது 30-இன் கனத்தைத்தான். பழைய பிராசஸரால் வரும் திடீர்த் திக்கல்களையும் இது சரிசெய்யாது.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் வழியாக ரெசொல்யூஷனைக் குறைப்பதும் பிராசஸர் தடைக்கு மருந்தல்ல. காரணம் இரண்டாம் கேள்வியில் உள்ள 720 சோதனையேதான்.

16. எனக்கு ரே டிரேசிங் வேண்டாம். அப்படியானால் மலிவாகக் கிடைக்கும் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ அல்லது ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி வாங்கலாமே?

சில ஆண்டுகளுக்கு முன்பு என்றால் சரி என்றிருப்பேன். இப்போது ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு ஒளியையும் நிழலையும் வரையும் முறை) விருப்பத் தேர்வாக மட்டும் இருப்பதில்லை. 2025-இல் வெளிவந்த டூம்: த டார்க் ஏஜஸ், அதற்கான வன்பொருள் உள்ள கார்டையே குறைந்தபட்சத் தேவையாகக் கேட்கிறது. நீங்கள் சொல்லும் இரண்டு கார்டுகளிலும் அது இல்லை. மேலும் ஜிடிஎக்ஸ் 1000 வரிசைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் வெளியீட்டை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திக்கொண்டது. பழைய கேம்கள் மட்டுமே போதும் என்பவரைத் தவிர, மற்றவர்கள் ஆர்டிஎக்ஸ் 2000 அல்லது ஆர்எக்ஸ் 6000 வரிசைக்குக் கீழே இறங்க வேண்டாம்.

17. செகண்ட் ஹேண்ட் கார்டு, அதுவும் மைனிங்கில் ஓடியது, வாங்கலாமா?

கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. சிப்பைவிட அதிகம் தேய்வது ஃபேன், தெர்மல் பேஸ்ட், நினைவகச் சில்லுகளின் மீதுள்ள தெர்மல் பேட் ஆகியவை, இவை மாற்றக்கூடியவை. கார்டைக் கையில் வாங்கியதும் ஃபேனை விரலால் மெதுவாகச் சுழற்றுங்கள்; கரகரப்போ பக்கவாட்டு ஆட்டமோ இருக்கக் கூடாது. பின்புற ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏன் திறந்தார்கள் என்று கேளுங்கள். தங்க நிறப் பற்களில் கறுப்புத் தடம், மின் இணைப்பின் பிளாஸ்டிக்கில் பழுப்பு நிறம், போர்டில் துரு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பிறகு ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, சிப்பின் பெயரும் வி-ராமும் சொன்னபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றிப் புதியதுபோல் விற்பதை அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பெயரிலேயே குழப்பம் உள்ளவை தனி: 3 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060-இல் 6 ஜிபி வடிவத்தைவிடக் கோர்கள் குறைவு, "2048எஸ்பி" என்று முடியும் ஆர்எக்ஸ் 580 உண்மையில் ஆர்எக்ஸ் 570-இன் அளவுதான், ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வடிவம் 8 ஜிபியைவிட மெதுவானது. கடைசியாக, கனமான ஒரு கேமையோ பெஞ்ச்மார்க்கையோ இருபது நிமிடம் ஓட்டுங்கள். திரையில் சிறு சதுரங்களோ வண்ணப் புள்ளிகளோ மின்னினால் நினைவகம் கெட்டிருக்கிறது. அதற்கு எளிய பழுதுபார்ப்பு கிடையாது. ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

18. பழைய டிரைவரை நீக்காமல் புதிய கார்டைப் போடலாமா?

ஒரே நிறுவனத்தின் கார்டு என்றால் புதிய டிரைவரை மேலேயே நிறுவினால் போதும். நிறுவனம் மாறும்போது, டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை சேஃப் மோடில் ஓட்டிப் பழையதை முழுதாக நீக்கிவிடுங்கள்.

19. இப்போது கார்டு மட்டும், இரண்டு ஆண்டு கழித்து மற்றதெல்லாம் என்று திட்டம். அதற்கேற்பப் பெரிய கார்டாக இப்போதே வாங்கிவிடலாமா?

அடுத்த கட்டத்துக்கு நாள் குறித்திருந்தால் வாங்கலாம். "எப்போதாவது" என்பதுதான் திட்டம் என்றால் வேண்டாம். பிராசஸர் தடுத்துக்கொண்டிருக்கும் இரண்டு ஆண்டுகளும் நீங்கள் பயன்படுத்தாத வேகத்துக்குப் பணம் கட்டியிருப்பீர்கள். அதற்குள் அதே விலையில் அதைவிட நல்ல கார்டும் வந்துவிடலாம். உண்மையிலேயே கட்டம் கட்டமாகப் போவதென்றால், தரமான 650 அல்லது 750 வாட் பவர் சப்ளையையும், 12 அல்லது 16 ஜிபி வி-ராம் உள்ள நடுத்தரக் கார்டையும் முதலில் வாங்குங்கள். இரண்டும் புதிய கணினிக்கு அப்படியே இடம் மாறும்.

விண்டோஸையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களில் மிகப் பெரும்பாலானவையும் ரைசன் 1000 வரிசையும் விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. அப்படிப்பட்ட கணினிக்கு 115 முதல் 135 வாட்டுக்குள் உள்ள, பயன்படுத்திய ஆனால் நல்ல நிலையில் உள்ள ஒரு கார்டே போதும் என்பது என் கணிப்பு. மிச்சப்படும் தொகையை மதர்போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் சேர்த்து மாற்றும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.